புதுப்பிப்பு: கடைசி கிரிட்டீரியம் முடிந்தது

சிறிய பாதையில் பல சுற்று ஓட்டும் சைக்கிள் பந்தயம்தான் கிரிட்டீரியம். அதன் வளைவுகளில் எங்கள் அணி ஏன் பின்தங்குகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். "முதல் பத்துப் பேருக்குள் இருங்கள், திரும்புவதற்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள்" என்றீர்கள்.

சனிக்கிழமை அதை மறந்தோம். கூட்டத்தின் வாலில் மாட்டினால் ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, மறுபடி எழுந்து மிதிக்க வேண்டும். 20 நிமிடத்தில் தொடை கல்லாகிவிட்டது. மூவரும் பாதியிலேயே வெளியே.

ஞாயிறு தூறல். ஈரத்தில் வழுக்காமலிருக்க டயரில் காற்றழுத்தத்தை 10 பிஎஸ்ஐ குறைத்தோம், முன்னால் ஒட்டிக்கொண்டோம். பாதிப் போட்டியில் எனக்குப் பஞ்சர். பாதையோரம் பழுது பார்க்கும் இடமான பிட்டில் சக்கரம் மாற்றி, இலவசச் சுற்றில் (பழுதானவருக்கு ஒரு சுற்றை விட்டுக்கொடுப்பார்கள்) அதே கூட்டத்தோடு சேர்ந்தேன். (கடைசிச் சுற்றுகளில் அந்தச் சலுகை கிடையாது, நல்லவேளை எனக்குப் பாதியிலேயே ஆனது!) ஒன்பதாவது இடம். அப்புறம், எங்கள் இளையவன் ஒரு பிரைம் ஸ்பிரிண்ட்டை (போட்டியின் நடுவே ஒரு சுற்றில் முதலில் கோட்டைத் தொடுபவருக்குத் தனிப் பரிசு) வென்றுவிட்டான். பரிசு ஒரு ஜோடி சாக்ஸ். கழற்றவே மாட்டேன் என்கிறான்.