எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் இரட்டையாகவே தெரிகிறது. எது நிஜம்?

தென்னந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கிடந்த 70 மி.மீ. லென்ஸ் டெலஸ்கோப்பை எடுத்து வந்து துடைத்து வைத்திருக்கிறோம். குவியத் தூரம் 700 என்று குழாயில் எழுதியிருக்கிறது. கூடவே 25, 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), ஒரு 3எக்ஸ் பார்லோ (உருவத்தை மூன்று மடங்கு கூட்டிக் காட்டும் துணை லென்ஸ்). ஐபீஸ் மாட்டுவதற்கு 45 டிகிரி வளைந்த ஒரு பிரிசம். அதில் தெரு விளக்குக் கம்பமெல்லாம் தலைகீழாக இல்லாமல் நேராகத் தெரிகிறது.

பொன் நிறத்தில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக ஜோடி நட்சத்திரங்கள் இருப்பதாகப் படித்ததிலிருந்து மகளுக்கு அதே நினைப்பு. ஒரு வாரமாக மொட்டை மாடியில்தான் இருக்கிறோம். சிக்கல் என்னவென்றால், 10 ஐபீஸ் போட்டால் எல்லாமே ஜோடிதான்! அவள் நோட்டில் வரைந்துகொண்டே வந்தாள். பதினொரு நட்சத்திரம் பார்த்தோம், பதினொன்றுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. சிரியஸுக்கும்கூட. சிரியஸின் மங்கலான துணை நட்சத்திரம் அது என்று நினைத்து, "அம்மா, சிரியஸ் பி-யைப் பிடிச்சுட்டோம்" என்று குதித்தாள். எனக்குத்தான் இடிக்கிறது. நிறமும் ஒன்றும் இல்லை, எல்லாம் வெள்ளை. புனர்பூசத்தில் மேலே இருக்கும் காஸ்டர் மட்டும் நாலு புள்ளி மாதிரி மங்கலாகத் தெரிந்தது. பார்லோ போட்டால் கஞ்சி போலக் கலங்கிவிடுகிறது.

மேட்டுக்காடு, பொள்ளாச்சி

அக்கா, கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள். எனக்குப் பார்வைக் கோளாறு இருந்தபோது நட்சத்திரம் எல்லாம் வால் முளைத்துத்தான் தெரிந்தது. இல்லையென்றால் முன் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். கழற்றிக் கழுவிப் பார்க்கலாம்.

பழைய லென்ஸ், குடியாத்தம்

முன் லென்ஸைத் தயவுசெய்து கழற்ற வேண்டாம். அது இரண்டு கண்ணாடிகள் சேர்ந்த ஜோடி. எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று தெரியாமல் திருப்பிப் போட்டுவிட்டால் அப்புறம் நிலாகூடத் தெளிவாகத் தெரியாது. அப்படி ஆனவை இரண்டு மூன்று என் மேசைக்கு வந்திருக்கின்றன.

அம்மா, நோட்டைப் பார்த்து மூன்று விஷயம் சொல்லுங்கள். பக்கத்துப் புள்ளி எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே பக்கத்தில், ஒரே தூரத்தில் இருக்கிறதா? இரண்டு புள்ளியும் ஒரே அளவு பிரகாசமா? சிரியஸின் குறுக்கே ஒரு வெளிச்சக் கோடு ஓடுகிறதா?

தென்னந்தோப்பு

மூன்றுக்கும் ஆமாம் ஐயா! கோடு எப்படித் தெரிந்தது உங்களுக்கு? சிரியஸின் வலமும் இடமும் ஈர்க்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் புள்ளியும் அந்தக் கோட்டின் மேலேயேதான். கண் கோளாறு என்று தோன்றவில்லை. எனக்கும் மகளுக்கும், மாடிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

பழைய லென்ஸ்

அப்படியென்றால் குற்றவாளி அந்த 45 டிகிரி பிரிசம்தான். படத்தை நிமிர்த்திக் காட்டுவதற்காக அதன் ஒரு முகத்தைக் கூரை போல இரண்டு சரிவாக அறுத்திருப்பார்கள். வெளிச்சத்தில் பாதி இந்தச் சரிவிலும் பாதி அந்தச் சரிவிலும் பட்டுத் திரும்புகிறது. இரண்டு சரிவும் கச்சிதமாக 90 டிகிரியில் சந்தித்தால்தான் பாதியும் பாதியும் ஒரே புள்ளியில் வந்து சேரும். மலிவுப் பிரிசத்தில் அந்தக் கோணம் ஒரு துளி பிசகினால் போதும், ஒரு நட்சத்திரம் சம பிரகாசத்தில் இரண்டாகிவிடும். கோடு வருவது கூரையின் முகட்டு விளிம்பால். மலையையும் பறவையையும் பார்க்க அந்தப் பிரிசம் போதும். நட்சத்திரத்துக்கு ஆகாது.

சிரியஸ் பி-யை 1862இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் கண்டது 18.5 அங்குல லென்ஸில். பாப்பா கோபிக்க வேண்டாம், 70 மி.மீ.யில் அது வராது.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை, நீங்களே சோதிக்கலாம். டெலஸ்கோப்பை அசைக்காமல் விட்டால் நட்சத்திரம் தானாக ஒரு பக்கமாக நகர்ந்து போகுமே, அது மேற்கு. அந்த நகர்வுக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் நடுவே என்ன கோணம் என்று வரைந்துகொள்ளுங்கள். பிறகு பிரிசத்தை அதன் குழாயிலேயே கால் வட்டம் திருப்பி மறுபடி பாருங்கள். வானத்து ஜோடியானால் அந்தக் கோணம் மாறாது. மாறினால் ஜோடி பிரிசத்துக்குள்தான் குடியிருக்கிறது.

எல்லைக்கல், புளியரை

காஸ்டர் நாலாகத் தெரிந்தது என்றார்களே, அதை யாரும் கவனிக்கவில்லையா? காஸ்டர் நிஜமாகவே இரட்டை. இடைவெளி 5 கோண விநாடிக்குச் சற்று மேல் (ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு பங்குதான் கோண விநாடி). நிஜ இரண்டையும் பிரிசம் இரண்டிரண்டாக்கினால் நாலு! பாப்பா கண்ணில் பட்டதைப் பட்டபடி வரைந்திருக்கிறாள்.

தென்னந்தோப்பு

சோதித்துவிட்டோம். திருப்பியதும் கோணம் மாறிவிட்டது. பதினொன்றும் போச்சு என்று மகள் ஒரு மணி நேரம் பேசவில்லை. காஸ்டர் கதையைப் படித்துக் காட்டிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

சரி, பிரிசத்தை எடுத்துவிட்டு ஐபீஸை நேராகக் குழாயில் செருகினால் ஃபோகஸே வரவில்லை. திருகை முழுக்க வெளியே இழுத்தும் சிரியஸ் வட்டமாகத்தான் நிற்கிறது.

பழைய லென்ஸ்

பிரிசத்துக்குள் வெளிச்சம் நடந்த தூரம் இப்போது குறைகிறது, அவ்வளவுதான். உங்கள் பார்லோவின் அடிப்பாகத்தில் லென்ஸ் உள்ள சிறு துண்டு திருகிக் கழன்று வருகிறதா பாருங்கள். பெரும்பாலானவற்றில் வரும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் குழாய். அதை நீட்டிப்பாகப் போட்டு, மேலே ஐபீஸை மாட்டுங்கள். அந்த பார்லோவுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. 10 ஐபீஸோடு போட்டால் 210 மடங்கு. 70 மி.மீ. தாங்குவது 140 வரைதான்.

நேராகப் பார்த்தால் கழுத்து வலிக்கும். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொள்ளுங்கள். நிதானமாக ஒரு 90 டிகிரி கண்ணாடி டயகனல் (வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துண்டு) வாங்கிக்கொள்ளலாம். அதில் இடம் வலம் மாறித் தெரியும், ஆனால் கூரை இல்லை.

எல்லைக்கல்

வண்ணத்துக்கு வருவோம். எல்லோரும் சொல்லும் பொன்-நீல ஜோடியான அல்பிரியோ மாசி மாதத்தில் விடியற்காலையில்தான் வரும். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். மாலையிலேயே 145 கேனிஸ் மேஜரிஸ் என்ற ஜோடி இருக்கிறது. குளிர்கால அல்பிரியோ என்று அதற்குச் செல்லப் பெயர். இரவு ஒன்பதரை வாக்கில் தெற்கே பாருங்கள். சிரியஸுக்குக் கீழே மூன்று நட்சத்திரங்கள் முக்கோணமாக நிற்கும். அதன் உச்சியில் இருப்பது வெசன். அதிலிருந்து இடது மேல்பக்கமாக, கையை நீட்டி இரண்டு விரல் அகலத்துக்குச் சற்று அதிகமாகப் போனால் வரும். இடைவெளி 27 கோண விநாடி. 25 ஐபீஸிலேயே, அதாவது 28 மடங்கிலேயே பிரியும். 10 போடாதீர்கள். படம் மங்கினால் நிறமும் வெளுத்துவிடும்.

அப்புறம் ஒரு கைப்பழக்கம்: ஃபோகஸை ஒரு மயிரிழை கலைத்துப் பாருங்கள். கூர்மையான புள்ளியில் தெரியாத நிறம் சின்ன வட்டமாக விரிந்ததும் தெரியும்.

தென்னந்தோப்பு

கிடைத்துவிட்டது!! சிரியஸ் ஒற்றை. கோடு இல்லை. முக்கோணத்திலிருந்து தேடிப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இதுதான் என்று. பெரியது பழுத்த நேந்திரங்காய்த் தோல் நிறம். சின்னதைச் சொட்டு நீலம் என்று மகள் எழுதியிருக்கிறாள். எனக்கு அவ்வளவு நீலம் தெரியவில்லை, நீலம் பட்ட வெள்ளை என்பேன். யார் சொல்வது சரி?

எல்லைக்கல்

இருவரும் சரி. அந்தச் சின்னது உண்மையில் வெள்ளை வகையைச் சேர்ந்தது. ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாள் நீலம் பாய்ந்து தெரியும் அல்லவா, அதே கதைதான். அது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அல்பிரியோவில் அப்படி இல்லை. அங்கே சின்னது நிஜமாகவே சூடான நீல வகை. இன்னொன்று, 145இன் இரண்டும் ஒன்றையொன்று சுற்றுபவை அல்ல. ஒன்று மிக தூரத்தில் இருக்கும் ராட்சதம், மற்றது அதற்கு வெகு முன்னால், நமக்கு அருகில் நிற்பது. நம் பார்வைக் கோட்டில் அக்கம்பக்கமாக விழுந்திருக்கின்றன.

மகளிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள், மறுபடி சாப்பாடு நின்றுவிடப் போகிறது.

அடுத்து பூசத்துக்கு வடக்கே ஐயோட்டா கேன்க்ரி. மஞ்சளும் நீலமும், 30 விநாடி. அதன் பிறகு சிரியஸுக்கும் ஓரியனின் திருவாதிரை நட்சத்திரத்துக்கும் ஏறக்குறைய நடுவில் பீட்டா மோனோசெரோட்டிஸ். வண்ணம் இல்லை, ஆனால் மூன்று வெள்ளைகள் ஒட்டி நிற்கும். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் பார்த்து மயங்கிய கூட்டம். அதற்கு 10 ஐபீஸ் வேண்டும்.

தென்னந்தோப்பு

ஐயோட்டா முதல் நாளே வந்தது. இந்த முறை நீலம் எனக்கும் தெரிந்தது. மூன்று வெள்ளையில் மட்டும் இரண்டுதான். சின்னது நீளமாக, நடுங்கிக்கொண்டே இருக்கிறது. கணவாய்க் காற்று இன்னும் அடங்கவில்லை. மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். கார்த்திகையில் ஆரம்பித்தது, மாசியிலும் போகிறேன் போகிறேன் என்கிறது.

மேட்டுக்காடு

எங்களுக்கும் அதே காற்றுதான் அக்கா. ட்ரைபாடின் கால்களை நீட்டாமல் குட்டையாகவே வையுங்கள். நடுவில் செங்கல் போட்ட பையைத் தொங்க விடுங்கள். மாடியில் வேண்டாம், காங்கிரீட் இரவு பத்து வரை சூடு கக்கும். தோப்பில் மண் தரையில் வைத்துப் பாருங்கள். பூஞ்சை என்று முதலில் சொன்னதை விட்டுவிடுங்கள்.

தென்னந்தோப்பு

களத்து மேட்டில் வைத்தோம். பதினொரு மணிக்குக் காற்று சற்றே நின்றது. நீளமாக இருந்தது இரண்டாகப் பிரிந்து ஒரு பத்து விநாடி நின்றது, மறுபடி ஒட்டிக்கொண்டது. மகள் பார்த்தாள். நான் கண்ணை வைப்பதற்குள் போய்விட்டது.

கடைசியாக ஒன்று. ஆல்ஃபா சென்டாரியும் இரட்டையாமே, எங்கள் ஊரிலிருந்து தெரியுமா? தெற்கே நெல்லியாம்பதி மலை இருக்கிறது.

பழைய லென்ஸ்

தெரியும் அம்மா. அது இரட்டை என்று 1689 டிசம்பரில் முதலில் கண்டதே நம் புதுச்சேரியில்தான். ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்க்கப் போய்க் கண்டார். உங்கள் இடத்தில் அது நேர் தெற்கே 18 டிகிரி வரை ஏறும். மலை அந்த அளவுக்கு மறைக்காது. இரண்டும் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுபவை, அதனால் பாப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம். வைகாசியில் இரவு பத்தரைக்குப் பாருங்கள், தென்மேற்கு மேகம் வருவதற்கு முன்னால்.

தென்னந்தோப்பு

மலை மறைக்காது, சரி. எங்கள் தெற்கு வேலியில் இரண்டு தென்னை நிற்கின்றன. இப்போதே மகள் ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.