மணல்மேட்டுப் பல்லியா, எண்ணெயா?

மணல்வீடு: 2024 மே மாதம் அமெரிக்க அரசு மணல்மேட்டுப் பல்லியை (dunes sagebrush lizard) அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. மேற்கு டெக்சாஸ், தென்கிழக்கு நியூ மெக்சிகோ தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இருக்கிற இடமோ பெர்மியன் எண்ணெய்ப் படுகை. டெக்சாஸ் அரசு எதிர்த்து வழக்குப் போட்டுவிட்டது. அறிவித்தது சரியா?

ரிக்_ராஜா: 7 செ.மீ. உடம்புக்காக ஊரே வேலையை விடணுமா? அந்தப் படுகையில இருக்கிற மிட்லண்ட் ஊர்ல எண்ணெய் வேலை பார்த்தவன் சொல்றேன். கம்பெனிகளும் நில உரிமையாளர்களும் பல்லியோட இடத்தைப் பாதுகாக்கிறதா தாங்களா முன்வந்து ஒப்பந்தம் போட்டாங்க. அதையும் கணக்கில் எடுத்துத்தான் 2012ல அழியுற இனங்கள் பட்டியல்ல சேர்க்காம விட்டாங்க. இப்போ சேர்த்தா, இனி எவன் கையெழுத்துப் போடுவான்?

பாலைப்பொறி: அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லுங்க ராஜா சார். ஃபிராக்கிங்குக்கு, அதாவது தண்ணியும் மணலும் அழுத்திப் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கிறதுக்கு, விஸ்கான்சின்லேர்ந்து ரயில்ல மணல் வந்துட்டிருந்தது. 2017 வாக்குல மேற்கு டெக்சாஸ்லயே கெர்மிட், மோனஹன்ஸ் ஊர்ப் பக்கம் மணல்மேட்டைத் தோண்ட ஆரம்பிச்சாங்க. அந்த மேடுதான் பல்லியோட வீடு. அங்க ஷின்னரி ஓக்னு ஒரு குட்டைச் செடி, மேல பார்த்தா இடுப்பளவுகூட வராது, மொத்த உடம்பும் மண்ணுக்குள்ள. மேட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அந்த வேர்தான். செடிகளுக்கு நடுவுல காத்து குடைஞ்ச பள்ளத்துலதான் பல்லி திரியும், ஆபத்துன்னா மணலுக்குள்ள புதைஞ்சுக்கும். மணல் ரொம்ப நைசா இருந்தாலும் அதுக்கு ஆகாது. அள்ளின மேட்டை வேற இடத்துல கொட்டி வளர்க்க முடியுமா?

ரிக்_ராஜா: எல்லாத்துக்கும் நாங்கதானா? வசந்தத்துல அந்த ஓக் துளிர் மாட்டுக்கு விஷம்னு பண்ணைக்காரங்க வருஷக்கணக்கா மருந்தடிச்சுக் கொன்னாங்களே!

பாலைப்பொறி: கொன்னாங்க, மறுக்கல. மிச்சம் இருக்கிறதை யார் துண்டு போடுறது? எண்ணெய்க் கிணத்துக்குக் கிணறு ரோடு. ரோட்டைத் தாண்டவே பல்லி தயங்கும். ஒவ்வொரு துண்டுலயும் நாலு பல்லி மாட்டிக்கிட்டா அந்தக் கூட்டம் எத்தனை தலைமுறை தாங்கும்?

கிணற்றடி: ஒரு சந்தேகம். இப்பதான் ஒரே இடத்துல ரிக் (துளை போடுற இயந்திரம்) நிறுத்தி பக்கவாட்டுல இரண்டு மைல் துளை போடுறீங்களே, மேட்டை விட்டுத் தள்ளி நிறுத்தலாமே?

ரிக்_ராஜா: நிறுத்தலாம், செலவு கூடும், அவ்வளவுதான். எங்களால ஒதுங்க முடியும். மணல் சுரங்கத்தைப் பக்கவாட்டுல தோண்ட முடியாது. சட்டம் எங்க தலையில விழுறதுதான் எரிச்சல்.

பாலைப்பொறி: அப்போ சண்டை பல்லியோட இல்லையே சார். சுரங்கக்காரனைக் கேளுங்க. அவன் விக்கிற மணலை வாங்குறது யாரு?

ரிக்_ராஜா: ராத்திரி ஷிஃப்ட் இருக்கு. வந்து பேசுறேன்.