டெர்மினலில் நிறுவ முடியாத பெர்ல் மாட்யூல், பிறகு கிரானில் காணாமல் போனது

இரவுக்காவல்:
எனக்கு முன்பு இருந்தவர் எழுதிவைத்துப் போன பெர்ல் நிரல் ஒன்றைப் புதிய டெபியன் லினக்ஸ் சர்வருக்கு மாற்றுகிறேன். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக, இரவு 2 மணிக்கு எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படித்து அறிக்கை தருவது அதன் வேலை. ஓட்டியதும் எக்ஸ்எம்எல்::ட்விக் என்ற மாட்யூல் (ஆயத்த பெர்ல் நிரல்தொகுதி) @இன்க்-இல், அதாவது பெர்ல் மாட்யூல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியலில், இல்லை என்று நின்றது. பெர்ல் மாட்யூல்களை இறக்கித் தரும் சிபான் வழியாக நிறுவப் போனால் ட்விக்குக்கு எக்ஸ்எம்எல்::பார்சர் வேண்டுமாம். பார்சரோ, மேக்ஃபைல் (நிரலைத் தொகுப்பதற்கான குறிப்புக் கோப்பு) உருவாகவில்லை என்று படுத்துவிட்டது. ஃபோர்ஸ் போட்டும் அசையவில்லை. மூன்று மணி நேரம் போய்விட்டது.

சிபிச்சை:
ஃபோர்ஸ், சோதனையில் தோற்ற மாட்யூலை வலிந்து நிறுவுவதற்கு. உங்களுடையது சோதனை வரைக்கும் போகவே இல்லையே! திரையை மேலே நகர்த்துங்கள். எக்ஸ்பேட்டைக் காணோம் என்ற வரி இருக்கும். பார்சர், எக்ஸ்பேட் என்னும் சி நூலகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த நூலகத்தைச் சிபான் கொண்டுவந்து தராது. அதற்குத் தெரிந்தது பெர்ல் மட்டுமே. டெபியனின் பொதி நிறுவியான ஆப்ட் வழியாக லிப்எக்ஸ்பேட்1-டெவ் நிறுவிவிட்டு மீண்டும் முயலுங்கள். ரெட் ஹாட் வகை லினக்ஸ் என்றால் எக்ஸ்பேட்-டெவெல். சி நிரலைத் தொகுக்க வேண்டிய ஜிசிசியும் மேக்கும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள், புதிய சர்வர்களில் பல நேரம் இருப்பதில்லை.

பழையகை:
எதற்கு இந்தப் பாடு? லிப்எக்ஸ்எம்எல்-ட்விக்-பெர்ல் என்று டெபியனிலேயே பொதி இருக்கிறது. முன்னால் லிப், பின்னால் பெர்ல், நடுவில் மாட்யூலின் பெயர்: பெரும்பாலானவை இப்படித்தான் கிடைக்கும். பார்சரையும் எக்ஸ்பேட்டையும் ஆப்டே இழுத்துவரும். அங்கே இல்லாததற்கு மட்டும்தான் நான் சிபானைத் தொடுவேன்.

இரவுக்காவல்:
பிடிவாதத்தில் முதல் வழியிலேயே போனேன். நிறுவியாயிற்று, கையால் ஓட்டினால் ஓடுகிறது. ஆனால் இரவு கிரானில் அதே பழைய பிழை, ட்விக் இல்லையாம்! மாற்றியது ஒன்றுமில்லை, பயனர்கூட அதே பயனர்தான்.

சிபிச்சை:
சிபானை முதன்முதலில் திறந்தபோது வந்த கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டினீர்களா? சாதாரணப் பயனராக இருந்தால் அது லோக்கல்::லிப் முறையைத்தான் தேர்ந்துகொள்ளும். மாட்யூல்கள் உங்கள் வீட்டு அடைவிலுள்ள பெர்ல்5-க்குள் போய்விடும்; அவற்றைக் காட்டும் பெர்ல்5லிப் என்ற சூழல் மாறி, டெர்மினலைத் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பில் எழுதப்படும். கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. @இன்க்-ஐ அச்சிடும் ஒரு வரியைக் கிரானில் ஓட்டுங்கள், தெரிந்துவிடும்.

இரவுக்காவல்:
என்டர்தான் தட்டினேன், எல்லாவற்றுக்கும். கிரான் அச்சிட்ட பட்டியலில் என் வீட்டு அடைவே இல்லை. பெர்ல்5 அடைவை ஓரமாகப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, பழையகை சொன்ன பொதியை ஆப்டில் போட்டேன். கிரானில் ஐந்து நிமிடம் தள்ளி நேரம் குறித்துக் காத்திருந்தேன், அறிக்கை வந்துவிட்டது. பேஷ்ஆர்சியில் மிச்சமிருக்கும் வரிகளை நாளைக்கு எடுக்க வேண்டும்.