பூட்டிய ஜிப்பில் வரும் வைரஸ்: அமாவிஸ் விதி தேவை

அலுவலக மின்னஞ்சல் சர்வரைக் கவனித்துக்கொள்கிறேன். டெபியன் 12 இயங்குதளம்; கடிதங்களை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், அவற்றைச் சோதனைக்குக் கொடுத்து விடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க அமாவிஸ், வைரஸ் தேட கிளாம்ஏவி, ஸ்பாமுக்கு (குப்பைக் கடிதம்) மதிப்பெண் போட ஸ்பாம்அசாசின். போன மாதத்திலிருந்து கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்புக்குள் வைரஸ் வருகிறது. தலைப்பு ‘நிலுவைத் தொகை விவரம்’. கடைசி வரியில் கடவுச்சொல். திறந்தால் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. பூட்டியதற்குள் கிளாம்ஏவியால் பார்க்க முடியாது என்பதால் சுத்தம் என்று சொல்லி உள்ளே விட்டுவிடுகிறது.

வைரஸ் பட்டியலைப் புதுப்பித்தும் பயனில்லை. ஸ்பாம் வரம்பை 5-இலிருந்து 4-க்கு இறக்கினேன். வாடிக்கையாளர்களின் நல்ல கடிதங்கள்தான் மாட்டின. பூட்டிய ஜிப் எல்லாவற்றையும் தடுத்தபோது கணக்குப் பிரிவுக்கு வரவேண்டிய வங்கி அறிக்கைகளும் நின்றுபோயின. அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை: அந்த முகவரி பெரும்பாலும் போலி, யாரோ ஓர் அப்பாவியின் பெட்டிதான் நிறையும்.

இப்போது எல்லாவற்றையும் தனியே நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து விடுவிக்கிறேன். பிறர் கடிதத்தை நான் படிப்பது முறையல்ல. அவசரக் கடிதங்களும் தாமதமாகின்றன.

டிகேஐஎம் (அனுப்பிய டொமைனின் மின்கையொப்பம்) சரிபார்ப்பில் தேறிய, தெரிந்த அனுப்புநர்களின் பூட்டிய ஜிப்பை மட்டும் அனுமதித்து மற்றவற்றை நிறுத்த, அமாவிஸில் விதியை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?