புதுப்பிப்பு: ஃபிளெக்ஸ் பேனரோடு புதிய சேவைகள்

ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் பேனர் அச்சிடும் நான், வேறென்ன சேவை தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கூகுள் மேப்பில் கடைகளைப் பதிவு செய்து கொடுக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ராமேசுவரம் வரும் வட மாநில யாத்ரீகர்கள் கைபேசியில்தான் விடுதி தேடுகிறார்கள். இந்தியிலும் விவரம் சேர்த்ததும் விடுதிக்காரர்களே தேடி வருகிறார்கள்.

கருவாட்டுக் கடைகளுக்கு வாட்ஸ்அப் விலைப்பட்டியல் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் வரத்து குறையும் அப்போது கருவாட்டுக் கடைக்காரர்களிடம் மாதக் கட்டணம் கேட்பது நியாயமில்லை, வாங்கப் போவதுமில்லை.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் வியாபாரிகள் உறையில் புவிசார் குறியீட்டு (ஒரு வட்டாரத்தின் தனிச்சிறப்புப் பொருளுக்கான அங்கீகாரம்) முத்திரை கேட்கிறார்கள். அந்தக் குறியீடு 2023இல் கிடைத்தது பெருமைதான். ஆனாலும் அதைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அச்சிடுவேன். அந்தப் பதிவுக்கு விண்ணப்பித்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.