நுமிடியா: அவர்களே வைத்துக்கொண்ட பெயரா?

கோழிக்காரன்:
வீட்டில் ஒன்பது கினிக்கோழிகள் இருக்கின்றன. மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காக அறிவியல் பெயரைத் தேடினோம்: நுமிடா மெலியாகிரிஸ். நுமிடியா என்ற பழைய வட ஆப்பிரிக்க அரசின் பெயராம். அது பெர்பர் (வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளின் மொழி) சொல்லா? அப்புறம், லத்தீனில் அகரத்தில் முடிந்தால் பெண்பால் என்கிறார்கள். அப்படியானால் நுமிடா என்பது நுமிடியப் பெண்ணா?

வேர்ச்சொல்:
ஆண்பால்தான். அந்த விகுதிக்காரர்கள் பெரும்பாலும் பெண்பால், ஆனால் மாலுமியைக் குறிக்கும் நௌடா, உழவரைக் குறிக்கும் அக்ரிகோலா எல்லாம் ஆண்பால். நுமிடாவும் அந்தக் கூட்டம். நாட்டைக் குறிக்க 'இயா' சேர்ந்தது. சொல் கிரேக்கம்: 'நொமாஸ்', மேய்ச்சலுக்காக அலைபவன். அதன் இரண்டாம் வேற்றுமை வடிவம் 'நொமடா'. லத்தீன் அதையே எழுவாயாக்கிக்கொண்டது என்பது வழக்கமான விளக்கம்.

துக்கா வாசி:
ஆக, ஊரார் வைத்த பெயர். அதிலும் பொருத்தமில்லாத பெயர் என்பேன். கிழக்கே மாசைலி, மேற்கே மாசேசைலி என்று இரண்டாகக் கிடந்தவர்களை ரோமின் துணையோடு ஒரே அரசின் கீழ் கொண்டுவந்தவன் மாசினிசா. தலைநகர் சிர்த்தா, இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன். விளையாது என்று ஒதுக்கிய மண்ணை விளைய வைத்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் புகழ்கிறார். ரோமப் படைக்கே தானியம் அனுப்பியவனின் நாட்டுக்கு நாடோடி என்று பெயர்!

அவர்கள் மொழியைப் பார்க்க வேண்டுமென்றால் துனிசியாவின் துக்கா கல்வெட்டு இருக்கிறது. மாசினிசா இறந்து சுமார் 10 ஆண்டு கழித்து, பியூனிக் (கார்தேஜ்காரர்களின் மொழி), லிபியம் (நுமிடியர்களின் மொழி) என இரு மொழியில் வெட்டியது. உயிரெழுத்துகள் கிடையாது. லிபியப் பகுதியில் அரசன் என்பதற்கு க், ல், த் என்று மூன்றே மெய்கள். இன்றைய பெர்பரில் அது 'அகெல்லித்'. மாசினிசாவின் பெயர் ம், ஸ், ன், ஸ், ன். 'மாஸ்' தலைவன், 'ன்' உடைய, 'ஸென்' அவர்கள் என்று பிரிக்கிறார்கள், அதாவது 'அவர்களின் தலைவன்'. நம் தமிழ்ச் சொல் வரிசைக்கு நேர் எதிர். நுமிடியா என்ற சொல் அந்தக் கல்லில் இல்லவே இல்லை.

கோழிக்காரன்:
நன்றி. மன்னருக்குப் பொருந்தாவிட்டாலும் என் கோழிகளுக்குப் பொருந்துகிறது. பொழுது சாய்ந்தால் ஒன்றும் கூட்டுக்கு வராது, ஒன்பதும் வேப்பமரத்தில் ஏறிவிடும்.