2014 அக்வா பார்த்திருக்கிறேன், பற்றரி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் 2014 டொயோட்டா அக்வா (பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீற்றரில் 112,000 கிலோமீற்றர். அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போகத்தான் கார் தேடுகிறேன்; நடுவழியில் நின்றால் அவரால் தாங்க முடியாது.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஹைபிரிட் பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருக்கிறதல்லவா, அதில் டோர்ச் அடித்தால் தூசியும் நாய் மயிரும் கட்டியாக அடைந்திருந்தது. மனம் பதறிவிட்டது. காற்றில்லாமல் சூடேறினால் பற்றரி கெதியாகத் தளர்ந்துவிடுமே. ஓட்டும்போதும் திரையில் சார்ஜ் கோடுகள் மளமளவென்று இறங்கி, கொஞ்ச நேரத்தில் அதே வேகத்தில் ஏறின. ஏசி போட்டதால்தான் என்கிறார் உரிமையாளர். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பற்றரிக்குள்ளே 20 மொடியூல்கள் (சிறு பற்றரித் துண்டுகள்). காரில் செருகிப் பார்க்கும் ஸ்கானரில் அவற்றுக்கிடையே எவ்வளவு வோல்ட் வித்தியாசம் வரை பரவாயில்லை? நிறுத்தி வைத்துப் பார்ப்பதா, அழுத்தி மிதித்து ஓடும்போது பார்ப்பதா? பழுதான ஒன்றிரண்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், இன்வேர்ட்டர் (பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பகுதி) கூலன்ற், பிரேக் பக்கம் எதைப் பார்க்க வேண்டும்?

சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். இங்கே ஹைபிரிட் ஸ்கான் பண்ணும் நல்ல கராஜ் தெரிந்தாலும் சொல்லுங்கள்.